மின்தடையே இல்லாத பொருள் 1911-இலேயே கிடைத்துவிட்டது. மின்கம்பிகள் இன்னும் ஏன் செம்பிலும் அலுமினியத்திலும் ஓடுகின்றன?

கடைசிபெஞ்ச் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பள்ளிக்கூடத்தில் படித்தபோது மீக்கடத்தி பற்றி எங்கள் இயற்பியல் புத்தகத்தில் அரைப்பக்கம் இருந்தது. குறிப்பிட்ட ஒரு வெப்பநிலைக்குக் கீழே சில பொருள்களின் மின்தடை சுழியாகிவிடும் என்ற ஒரு வரியும், கறுப்பு வில்லை ஒன்றின் மேல் சிறு காந்தம் மிதக்கும் ஒரு படமும்தான் அந்தப் பாடம். தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வியாகத்தான் வரும் என்று சொல்லிவிட்டு ஆசிரியரும் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

அண்மையில் முதுகுவலிக்காக எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப் போயிருந்தேன். அறைக்குள் அனுப்புமுன் சாவி, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்ட பணியாளர், "ஸ்கேன் ஓடாதபோதும் உள்ளே காந்தம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும், அதை நாங்கள் அணைப்பதே இல்லை" என்றார். அப்படியானால் மின்கட்டணம் என்ன ஆகும் என்று கேட்டதற்கு, அந்தக் காந்தம் எந்த மின்சாரத்தையும் வாங்கிக்கொள்வதில்லை என்று பதில் வந்தது. அன்றிலிருந்து அந்த அரைப்பக்கப் பாடம் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது.

நான் அறிய விரும்புவது இதுதான். மின்தடை இல்லாத பொருள் கிடைத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் மின்சாரம் வரும் கம்பியில் இன்றும் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிக்கொண்டுதான் இருக்கிறது. இதற்குக் குளிரூட்டும் செலவு மட்டும்தான் காரணமா, அல்லது பாடப்புத்தகம் சொல்லாமல் விட்ட வேறு ஏதேனும் இருக்கிறதா? இந்தப் பொருள்களை உண்மையில் யார், எதற்காகப் பயன்படுத்துகிறார்கள்? விரிவாக எழுதினால் பொறுமையாகப் படிக்கிறேன்.

---

குளிர்கலன் எழுதியது:

உங்கள் கேள்விக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: மின்தடை போய்விட்டால் போதும், மற்றவை தாமாக வந்துவிடும் என்பது. இதைக் கண்டுபிடித்தவரும் அதே நம்பிக்கையோடுதான் தொடங்கினார், இரண்டே ஆண்டுகளில் ஏமாந்தார். ஆகவே அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

நெதர்லாந்தின் லைடன் நகரில் ஹைக்கே காமர்லிங் ஓனஸ் 1908 ஜூலை 10 அன்று ஹீலியத்தை முதன்முதலாகத் திரவமாக்கினார். அதன் கொதிநிலை 4.2 கெல்வின், அதாவது ஏறத்தாழ சுழியத்துக்குக் கீழே 269 டிகிரி செல்சியஸ். அடுத்த 15 ஆண்டுகளுக்கு உலகில் வேறெந்த ஆய்வகமும் அதைச் செய்யவில்லை. அந்தக் குளிரில் உலோகத்தின் மின்தடை என்ன ஆகும் என்பது அப்போது பெரிய வாதமாக இருந்தது. எலக்ட்ரான்களே உறைந்து நின்றுவிடும், எனவே தடை எல்லையின்றி ஏறும் என்று கெல்வின் பிரபு கருதினார். படிப்படியாகக் குறைந்து சுழியை நெருங்கும் என்றனர் வேறு சிலர். தங்கத்திலும் பிளாட்டினத்திலும் அளந்து பார்த்தபோது தடை ஒரு மட்டத்தில் நின்றுவிட்டது. கலந்திருக்கும் மாசுதான் காரணம் என்று ஓனஸ் சரியாக ஊகித்து, மீண்டும் மீண்டும் காய்ச்சி வடித்து மிகத் தூய்மையாக்கக்கூடிய உலோகம் என்பதால் பாதரசத்தை எடுத்தார்.

1911 ஏப்ரல் 8 அன்று, மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாய்களில் உறைந்திருந்த பாதரசத்தின் தடையை ஓனஸின் ஆய்வகத்தில் இருந்த கில்லஸ் ஹோல்ஸ்ட் அளந்தார். 'பாதரசம் ஏறக்குறைய சுழி' என்ற பொருளில் ஓனஸ் தம் குறிப்பேட்டில் பென்சிலால் எழுதி வைத்தார். தடை படிப்படியாகக் குறையாமல் 4.2 கெல்வின் அருகே செங்குத்தாக விழுகிறது என்பது அடுத்தடுத்த வாரங்களில் தெளிவாயிற்று. அதே ஏப்ரல் 8 அன்று, வெப்பநிலையை மேலும் இறக்கியபோது ஹீலியத்தின் கொதிப்பு சட்டென்று அடங்கியதையும் அவர் குறித்திருக்கிறார். அது மீப்பாய்மம் என்னும் இன்னொரு நிலை, அதாவது திரவம் உராய்வே இல்லாமல் ஓடும் நிலை. அதை உலகம் புரிந்துகொள்ள 1930-களின் பிற்பகுதி வரை ஆயிற்று. ஒரே நாளில் இரண்டு பெரிய கண்டுபிடிப்புகள் அந்த ஆய்வகத்துக்குள் நடந்திருக்கின்றன, ஒன்று மட்டுமே அடையாளம் காணப்பட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும்.

பிறகு வெள்ளீயமும் ஈயமும் இதே தன்மையைக் காட்டின. ஈயத்துக்கு 7.2 கெல்வினே போதும். அதைக் கம்பியாகவும் இழுக்கலாம். ஓனஸ் உடனே 10 டெஸ்லா (காந்தப்புலத்தின் வலிமையை அளக்கும் அலகு) காந்தம் பற்றிக் கனவு கண்டார். செம்புக் கம்பிச்சுருளில் அத்தனை வலிய புலத்தை எழுப்பினால் அது உருகாமல் இருக்கவே ஒரு மின்நிலையம் வேண்டும். ஈயச்சுருளில் வெப்பமே எழாது அல்லவா? ஆனால் சோதித்தபோது, புலம் ஏறக்குறைய 0.06 டெஸ்லாவை எட்டியவுடன் ஈயம் மீக்கடத்தும் தன்மையை இழந்து சாதாரண உலோகமாகிவிட்டது. விரல்நுனி அளவுள்ள நியோடிமியம் காந்தத்தின் முகப்பில் இதைவிட வலிய புலம் உண்டு.

பாடப்புத்தகம் சொல்லாமல் விட்டது இதைத்தான். மீக்கடத்திக்கு மாறுநிலை வெப்பநிலை என்ற ஓர் எல்லை மட்டும் இல்லை. மாறுநிலைக் காந்தப்புலம் என்றும், மாறுநிலை மின்னோட்டம் என்றும் மேலும் இரண்டு எல்லைகள் உண்டு. மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக் குறைப்பவை. புலத்தைக் கூட்டினால் தாங்கும் மின்னோட்டம் குறையும், வெப்பநிலை சற்றே ஏறினால் இரண்டும் சேர்ந்து குறையும். மூன்றுக்கும் உட்பட்ட பகுதிக்குள் நின்றால்தான் தடை சுழி. கம்பி செய்பவருக்கு இந்த மூன்றோடு நான்காவதாக ஒரு கவலையும் உண்டு: அந்தப் பொருள் வளையுமா, நீளுமா என்பது.

ஓனஸின் கனவு நனவாக ஏறத்தாழ 50 ஆண்டுகள் பிடித்தன. இடையில் 1933-இல் மைஸ்னரும் ஓக்ஸன்ஃபெல்டும் பெர்லினில் ஓர் அடிப்படை உண்மையைக் கண்டார்கள். மீக்கடத்தி தடையற்ற கடத்தியாக மட்டும் இருந்தால், காந்தப்புலத்துக்குள் வைத்துக் குளிர்விக்கும்போது உள்ளே இருந்த புலம் அப்படியே உள்ளே தங்கிவிட வேண்டும். அவர்கள் பார்த்தபோது அது புலத்தை வெளியே தள்ளியது. இது தனியொரு நிலை என்று அன்றுதான் உறுதியாயிற்று. அந்த நிலையில் எலக்ட்ரான்கள் படிகத்தின் அதிர்வுகள் வழியே ஒன்றையொன்று ஈர்த்து இணை சேர்கின்றன என்றும், எல்லா இணைகளும் ஒரே ஒத்திசைவில் நகர்வதால் அவற்றைச் சிதறடிக்க முடிவதில்லை என்றும் 1957-இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் விளக்கினர்.

அதே 1957-இல் சோவியத் இயற்பியலாளர் அப்ரிகோசவ் எழுதிய கட்டுரைதான் கம்பி செய்பவர்களுக்கு வழிகாட்டியது. ஒருவகை மீக்கடத்திகள் காந்தப்புலத்தை முழுவதுமாக வெளியே தள்ளுவதில்லை. மெல்லிய சுழல்களாக அதை ஊடுருவ விட்டுவிட்டு, சுழல்களுக்கு இடைப்பட்ட பகுதியில் மீக்கடத்தியாகவே நீடிக்கின்றன. இந்த இரண்டாம் வகைக்குரிய நடத்தையை இயற்பியலாளர் ஷுப்னிகோவ் 1930-களிலேயே உக்ரைனின் கார்கிவ் நகரில் உலோகக் கலவைகளில் அளந்திருந்தார். 1937-இல் ஸ்டாலின் ஆட்சியில் அவர் கைதாகிச் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த அளவீடுகளை உலகம் சரியாகப் படிக்கவே இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின. 1961-இல் பெல் ஆய்வகத்தில் குன்ஸ்லரின் குழு, நையோபியம் என்ற உலோகமும் வெள்ளீயமும் சேர்ந்த ஒரு சேர்மம் 8.8 டெஸ்லா புலத்திலும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் ஆம்பியருக்கு மேல் தாங்குவதைக் காட்டியது. மீக்கடத்திக்குத் தொழில் என்று ஒன்று அன்றுதான் பிறந்தது என்பேன்.

அந்தச் சேர்மம் கண்ணாடி போல் உடையும். நையோபியம்–டைட்டானியம் கலவையோ சற்றுக் குறைந்த புலத்தையே தாங்கும். ஆனால் செம்பைப் போல இழுத்தால் நீளும். நடைமுறையில் வென்றது அதுதான். நீங்கள் படுத்திருந்த ஸ்கேன் இயந்திரத்தில் இருப்பதும் பெரும்பாலும் அதுவே.

---

காந்தச்சுருள் எழுதியது:

குளிர்கலன் ஐயா வரலாற்றை எழுதிவிட்டார். எம்.ஆர்.ஐ. காந்தங்களை நிறுவும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், அந்தப் பணியாளர் சொன்னதன் பொருளை நான் எழுதுகிறேன்.

முதலில் கம்பியைப் பாருங்கள். வெட்டிய முனையை உருப்பெருக்கியில் வைத்தால் செம்புக்குள் புதைந்த நுண்ணிய புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் தலைமுடியைவிட மெல்லிய ஒரு நையோபியம்–டைட்டானியம் இழை. மின்னோட்டம் இழைகளில்தான் ஓடுகிறது. சுற்றியுள்ள செம்புக்கு அந்த வேளையில் வேலை இல்லை. மின்னோட்டத்துக்குத் தடையே இல்லாத பாதை பக்கத்தில் இருக்கும்போது அது ஏன் செம்புக்குள் போகும்? இழை ஏதோ காரணத்தால் மீக்கடத்தும் தன்மையை இழந்தால்தான் செம்பு தோள்கொடுக்கும்.

இந்தக் கம்பி பல கிலோமீட்டர் நீளத்துக்குச் சுருளாகச் சுற்றப்பட்டு, திரவ ஹீலியம் நிறைந்த இரட்டைச்சுவர்க் கலனுக்குள் இருக்கும். நிறுவும் நாளில் கழுத்துத்துளை வழியே மின்வாய்களை இறக்கி வெளியிலிருந்து மின்னோட்டம் கொடுப்போம். சுருளின் இரு முனைகளுக்கும் குறுக்கே, அதே மீக்கடத்திக் கம்பியால் ஆன சிறு துண்டு ஒன்று இருக்கிறது. அதன்மேல் ஒரு நுண்ணிய சூடேற்றி சுற்றப்பட்டிருக்கும். சூடேற்றி இயங்கும்போது அந்தத் துண்டு சாதாரண உலோகம், எனவே மின்னோட்டம் சுருளுக்குள் போகிறது. பல நூறு ஆம்பியர் வரை மெதுவாக ஏற்றி, புலம் 1.5 டெஸ்லாவைத் தொட்டதும் சூடேற்றியை நிறுத்துவோம். அந்தத் துண்டு குளிர்ந்து மீக்கடத்தியானவுடன் சுற்று தன்னைத்தானே மூடிக்கொள்ளும். பிறகு வெளி மின்னோட்டத்தைச் சுழிக்கு இறக்கி, மின்வாய்களைக் கழற்றி எடுத்துவிடலாம். சுருளுக்குள் மின்னோட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கணக்கில் யாரும் அதைத் தொட வேண்டியதில்லை. காந்தம் மின்சாரம் வாங்குவதில்லை என்று உங்களிடம் சொன்னது சரிதான். ஹீலியம் ஆவியாகாமல் பார்த்துக்கொள்ளும் குளிரூட்டிதான் இரவு பகலாக மின்சாரம் வாங்குகிறது. நீங்கள் படுத்திருந்தபோது பின்னணியில் கேட்டிருக்கக்கூடிய 'டக்… டக்…' என்ற சீரான ஒலி அதனுடையது.

இனி 'குவென்ச்' பற்றி. கடுங்குளிரில் உலோகத்தின் வெப்பக்கொள்ளளவு மிகமிகச் சிறியது. புலத்தின் விசையால் கம்பி ஓரிடத்தில் மயிரிழை நகர்ந்தாலும், அந்த உராய்வு வெப்பமே அவ்விடத்தை மாறுநிலை வெப்பநிலைக்கு மேலே தள்ளிவிடும். அங்கே தடை தோன்றும், தடை வெப்பத்தைத் தரும், வெப்பம் பக்கத்துக் கம்பிக்குப் பரவும். சில நொடிகளில் காந்தத்தில் தேங்கியிருந்த சில மெகாஜூல் ஆற்றல் முழுவதும் ஹீலியத்துக்குள் வெப்பமாகக் கொட்டிவிடும். ஒரு லிட்டர் திரவ ஹீலியம் அறைவெப்பநிலைக்கு வந்தால் ஏறத்தாழ 750 லிட்டர் வாயு. பழைய வடிவமைப்புகளில் திரவம் ஆயிரம் லிட்டருக்கு மேல் இருக்கும். அத்தனை வாயுவும் கூரைக்கு மேலே செல்லும் தடித்த குழாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும். குழாய் அடைத்திருந்தால் அது அறையை நிரப்பி ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடும்.

நான் ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறேன். புலத்தை ஏற்றிக்கொண்டிருந்தபோது, முழு அளவில் முக்கால் பங்கு தாண்டியதும், கலனுக்குள் பெருமூச்சு போல ஓர் ஒலி கேட்டது. மின்னோட்டமானியின் எண்கள் சரியத் தொடங்கின. அடுத்த நொடியே கூரைக்குழாய் இரைந்தது. வெளியே ஓடிப்போய்ப் பார்த்தால் வெண்புகை மரம் போல எழுந்து நிற்கிறது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை, காந்தமும் பழுதாகவில்லை. கம்பி தன் இடத்தில் நன்றாக அமர்ந்துகொண்டதால் இரண்டாம் முறை முழுப் புலத்தையும் தாங்கியது. ஆனால் மீண்டும் ஹீலியம் வரவழைத்து நிரப்பும் வரை வாரக்கணக்கில் காத்திருந்தோம். ஹீலியம் இயற்கை எரிவாயுவோடு கிடைக்கும் ஒரு துணைப்பொருள், வேண்டும்போது வேண்டிய அளவு கிடைப்பதில்லை. அதனால்தான் இப்போது சில லிட்டர் ஹீலியத்தை மட்டும் உள்ளேயே அடைத்து மூடிவிடும் காந்தங்கள் வந்திருக்கின்றன.

---

குளிர்கலன் எழுதியது:

காந்தச்சுருள் சொன்ன குவென்சின் பெரிய வடிவம் ஜெனிவா அருகே உள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் நடந்தது. அங்குள்ள 27 கிலோமீட்டர் வளையத்தில் துகள்களை வளைக்க 1,232 மீக்கடத்திக் காந்தங்கள் உள்ளன, 1.9 கெல்வினில், 8.3 டெஸ்லா வரை எட்டும்படி அமைக்கப்பட்டவை. 2008 செப்டம்பர் 19 அன்று, மின்னோட்டம் ஏறத்தாழ 8,700 ஆம்பியரை எட்டிய நிலையில், இரு காந்தங்களை இணைக்கும் ஒரு பற்றவைப்பு தோற்றது. அந்த இணைப்பின் தடை ஏறத்தாழ 220 நானோ-ஓம்தான் இருந்திருக்கும் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். பெருக்கிப் பாருங்கள்: சுமார் 17 வாட். ஓர் எல்.இ.டி. விளக்கின் அளவு வெப்பம் இணைப்பை உருக்கி, மின்பொறி எழுப்பி, ஹீலியக் கலனைத் துளைத்து, டன் கணக்கான ஹீலியத்தைச் சுரங்கத்துக்குள் கொட்டவைத்து, 50-க்கும் மேற்பட்ட காந்தங்களைப் பழுதாக்கியது. வளையம் மீண்டும் இயங்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. மீக்கடத்திக் கம்பி தன் வேலையைச் சரியாகவே செய்தது, கைவிட்டது பற்றவைப்பு.

---

கடைசிபெஞ்ச் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. காந்தம் புரிந்தது. இன்னும் இரண்டு ஐயங்கள் மிச்சம். 1980-களில் திரவ நைட்ரஜனிலேயே வேலை செய்யும் மீக்கடத்திகள் வந்துவிட்டனவே, அதன்பிறகும் மின்தொடர் (மின்சாரத்தைத் தொலைவுக்குக் கொண்டுசெல்லும் கம்பித்தொடர்) ஏன் மாறவில்லை? மேலும், 2023-இல் அறைவெப்பநிலை மீக்கடத்தி கிடைத்துவிட்டது என்று ஊரே பேசியதே, அது என்ன ஆயிற்று?

---

முள்நகர்வு எழுதியது:

அந்த இரண்டையும் குளிர்கலனுக்கே விட்டுவிடுகிறேன். காந்தமும் கம்பியும் மட்டுமே பேசப்படுவதால், அளவியல் ஆய்வகத்தில் (வோல்ட் போன்ற அலகுகளின் துல்லியத்தைக் காக்கும் இடம்) நான் நாள்தோறும் பார்க்கும் பயன்பாட்டைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

1962-இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராக இருந்த, 22 வயதே ஆன பிரையன் ஜோசப்சன், இரு மீக்கடத்திகளுக்கு இடையே மிக மெல்லிய காப்புப்படலம் இருந்தால் எலக்ட்ரான் இணைகள் அதனூடே மின்னழுத்தம் இல்லாமலேயே ஊடுருவும் என்று கணித்தார். இணைசேர்தலை விளக்கிய மூவரில் ஒருவரான பார்டீனே முதலில் இதை ஏற்கவில்லை. ஓராண்டுக்குள் சோதனை ஜோசப்சன் பக்கம் நின்றது. ஜோசப்சன் சந்தி எனப்படும் அந்த அமைப்பின்மேல் நுண்ணலையைச் செலுத்தினால், அதன் மின்னழுத்தம் அலையின் அதிர்வெண்ணைப் பொறுத்துத் துல்லியமான படிகளில் நிற்கும். ஒரு வோல்ட்டுக்கு 483597.8484 கிகாஹெர்ட்ஸ் என்பது உறவு. அதிர்வெண்ணை அணுக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு அளக்கலாம் என்பதால், வோல்ட்டையும் அதே நம்பிக்கையோடு உருவாக்கலாம். 70 கிகாஹெர்ட்ஸில் ஒரு சந்தி தருவது 145 மைக்ரோவோல்ட் மட்டுமே. ஆகவே 10 வோல்ட் வேண்டுமானால் பல்லாயிரம் சந்திகளை ஒரே சில்லில் தொடராக அமைக்கிறார்கள். விரல்நகம் போன்ற அந்தச் சில்லு ஹீலியத்தில் மூழ்கியதும், மேலே மானியில் பத்து இலக்கங்கள் அசையாமல் நிற்கும். பழைய மின்கலங்களை வைத்து வோல்ட்டைக் காத்துவந்த தலைமுறைக்கு அது நம்ப முடியாத காட்சி.

இதே சந்திகளை வளையமாக இணைத்தால் 'ஸ்க்விட்' என்ற காந்தமானி கிடைக்கிறது. மூளையின் மின்செயலால் எழும் காந்தப்புலம் பூமியின் புலத்தில் சுமார் 50 கோடியில் ஒரு பங்கு. அதையும் தலையைத் திறக்காமலே இது அளக்கிறது. இன்றைய குவாண்டம் கணினிகளில் ஒரு பெரும் வகையும் அலுமினியத்தால் ஆன ஜோசப்சன் சந்திகளின்மேல்தான் நிற்கிறது. அதற்கு அடித்தளமிட்ட 1980-களின் சோதனைகளுக்காகவே கிளார்க், டெவோரே, மார்ட்டினிஸ் மூவருக்கும் 2025-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

---

குளிர்கலன் எழுதியது:

நைட்ரஜன் பற்றிய ஐயத்துக்கு வருகிறேன். 1986-இல் சூரிச் அருகே ஐ.பி.எம். ஆய்வகத்தில் பெட்நோர்சும் முல்லரும் லாந்தனம், பேரியம், செம்பு கலந்த ஓர் ஆக்சைடு 30 கெல்வினுக்கு மேலேயே மீக்கடத்தியாவதைக் கண்டார்கள். ஆக்சைடு என்றால் மின்காப்பு என்று நினைத்துப் பழகிய துறை அது. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே லாந்தனத்துக்குப் பதில் இட்ரியம் வைத்த சேர்மம் 93 கெல்வினைத் தொட்டது. திரவ நைட்ரஜன் கொதிப்பது 77 கெல்வினில். எனவே உற்சாகம் கரைபுரண்டது. 1987 மார்ச் 18 அன்று நியூயார்க்கில் இதற்கென்று நடந்த இயற்பியலாளர் கூட்டம் இரவு முழுவதும் நீண்டது.

குளிரூட்டும் செலவு எவ்வளவு குறையும் என்பதை நீங்களே கணக்கிடலாம். 4.2 கெல்வினில் கசிந்து நுழையும் ஒரு வாட் வெப்பத்தை அறைவெப்பநிலைக்கு வெளியேற்ற, குறைபாடே இல்லாத இயந்திரத்துக்கும் 70 வாட் வேண்டும். உண்மையான இயந்திரங்கள் பல நூறு வாட் கேட்கும். 77 கெல்வினில் அதே கணக்கு 3 வாட்டுக்குள் அடங்கும், நடைமுறையில் பத்து இருபது வாட் ஆகும். பெரிய முன்னேற்றம்தான், சந்தேகமில்லை.

ஆனால் இந்தப் பொருள் பீங்கான் இனம். கம்பியாக இழுத்தால் பொடியாகும். மேலும், பக்கத்துப் பக்கத்துப் படிகத் துகள்கள் ஒன்றுக்கொன்று சில டிகிரிக்கு மேல் திரும்பி இருந்தால், அந்த எல்லையில் மின்னோட்டம் திணறிவிடும். கிலோமீட்டர் நீளம் முழுவதும் படிகங்கள் ஒரே திசையில் அணிவகுக்க வேண்டும். இதற்காகத் தட்டையான நிக்கல் கலவை நாடாவின்மேல் பல படலங்களை அடுக்கி, கடைசியில் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் தடிப்பில் மீக்கடத்தியை வளர்த்து, வெள்ளியும் செம்பும் பூசுகிறார்கள். கையில் வாங்கிப் பார்த்தால் பளபளப்பான செம்பு நாடா போலவே இருக்கும். அதில் வேலை செய்யும் பகுதி நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். இதைச் சீராகச் செய்யக் கற்றுக்கொள்ளவே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

மின்தொடருக்கு இன்னொரு சிக்கல். மாறுதிசை மின்னோட்டத்தில் காந்தச்சுழல்கள் நொடிக்குப் பலமுறை உள்ளும் புறமும் அசைகின்றன. அந்த அசைவே வெப்பம் தரும். தடை சுழி என்ற வாசகம் நேர்திசை மின்னோட்டத்துக்கு மட்டுமே முழுமையாகப் பொருந்தும். எதிர்ப்பக்கத்தில், உயர் அழுத்தத்தில் அனுப்பும் சாதாரண அலுமினியத் தொடரிலும் இழப்பு நூற்றுக்குச் சில பங்குதான். அந்தச் சில பங்கை மிச்சப்படுத்த, நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு இரட்டைச்சுவர்க் குழாய், வெற்றிடம், நைட்ரஜன், இடையிடையே குளிரூட்டு நிலையங்கள் என்று கட்டினால் கணக்கு ஒத்துவராது. உங்கள் முதல் கேள்விக்கு என் நேரடியான விடை இதுதான்.

அப்படியானால் மீக்கடத்தி மின்வடம் எங்கே பொருந்தும்? இடநெருக்கடி உள்ள நகர மையத்தில். ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் 2014-இல் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு அப்படி ஒரு வடம் பதித்தார்கள்; 10 கிலோவோல்ட்டில் 40 மெகாவாட் கொண்டுசெல்லும்படி அமைக்கப்பட்டது. அதே மின்திறனுக்குச் சாதாரண வடம் என்றால் 110 கிலோவோல்ட் வேண்டும். நகர நடுவில் துணைமின்நிலையமும் பெரிய மின்மாற்றியும் வேண்டும். அங்கே கிடைத்த லாபம் முக்கியமாக நிலத்தில்தான். என் கணிப்பில் இந்த நாடாவின் எதிர்காலம் மீண்டும் காந்தத்தில்தான் இருக்கிறது. 20 கெல்வின் அளவுக்குக் குளிர்வித்தால் இது 20 டெஸ்லாவையும் தாங்கும். அணுக்கரு இணைவு உலைகளைச் சிறிதாக்க முயல்பவர்கள் இதை நம்பித்தான் இறங்கியிருக்கிறார்கள்.

2023 செய்தியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். எல்.கே.-99 என்ற ஈய–செம்புச் சேர்மம் அறைவெப்பநிலையிலும் மீக்கடத்தி என்று கொரியக் குழு ஒன்று அறிவித்தது. சில வாரங்களிலேயே பல ஆய்வகங்கள் தயாரித்துப் பார்த்து மறுத்துவிட்டன. கலந்திருந்த செம்பு சல்ஃபைடு 100 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே தன் படிக அமைப்பை மாற்றும்போது தடை சட்டென்று விழுகிறது. அதையே அவர்கள் மீக்கடத்தல் என்று நினைத்துவிட்டார்கள். உண்மையில் நிலைத்த சாதனை, லாந்தனம் ஹைட்ரைடு 250 கெல்வினில் மீக்கடத்தியாவது, 2019-இல் வெளியானது. ஆனால் இரு வைரமுனைகளுக்கு இடையே சுமார் 17 லட்சம் வளிமண்டல அழுத்தத்தில் நசுக்கிப் பிடித்தால்தான் அது நடக்கிறது. மாதிரியோ தூசி அளவு. நாளையே அழுத்தம் தேவைப்படாத ஒன்று கிடைத்தாலும், புலம் எவ்வளவு தாங்கும், மின்னோட்டம் எவ்வளவு தாங்கும், கம்பியாக வருமா என்ற பழைய மூன்று கேள்விகளை அதனிடமும் கேட்டாக வேண்டும்.

---

வகுப்பறை எழுதியது:

தாமதமாக வந்து நுழைகிறேன், பொறுத்தருளவும். கடைசிபெஞ்ச் குறிப்பிட்ட அந்த மிதக்கும் படத்தைப் பற்றி ஒரு திருத்தம் உண்டு. மைஸ்னர் விளைவால் மிதக்கிறது என்றுதான் பல புத்தகங்களில் அச்சாகியிருக்கிறது. வெறும் தள்ளுவிசை என்றால் காந்தம் ஒரு பக்கமாக வழுக்கி விழுந்துவிடும். அது நடுவானில் ஆணியடித்தது போல நிற்பதற்குக் காரணம், இட்ரியச் சேர்மம் இரண்டாம் வகை மீக்கடத்தியாக இருப்பதும், அதற்குள் நுழைந்த காந்தச்சுழல்கள் படிகக் குறைபாடுகளில் சிக்கிக்கொள்வதும்தான். நான் மாணவர்களுக்கு இதை இப்படிக் காட்டுவேன்: வில்லைக்கும் காந்தத்துக்கும் நடுவே மெல்லிய அட்டைத்துண்டு வைத்து, நைட்ரஜன் ஊற்றி, கொதிப்பு அடங்கியதும் அட்டையை உருவுவேன். காந்தம் அதே இடைவெளியில் நிற்கும். பிறகு காந்தத்தை இடுக்கியால் பிடித்து மேலே தூக்கினால், வில்லையும் தொடாமலே கூட வரும்; தலைகீழாகத் திருப்பினாலும் விழாது. வகுப்பு அமைதியாவது அந்தக் கணத்தில்தான்.

ரயில் பற்றியும் யாரேனும் கேட்கக்கூடும் என்பதால் சொல்லிவிடுகிறேன். ஷாங்காய் விமானநிலையத்துக்கு ஓடும் மிதவை ரயிலில் மீக்கடத்தி இல்லை. அது சாதாரண மின்காந்தம். 2015 ஏப்ரலில் 603 கிலோமீட்டர் வேகத்தை எட்டிய ஜப்பானியச் சோதனை ரயிலில்தான் நையோபியம்–டைட்டானியம் சுருள்கள் இருக்கின்றன.

வில்லை வாங்கி வீட்டில் செய்து பார்க்கும் எண்ணம் கடைசிபெஞ்சுக்கு இருந்தால், காற்றோட்டமுள்ள இடத்தில், கண்ணாடி அணிந்து, நைட்ரஜன் கையாண்டு பழகிய ஒருவரோடு சேர்ந்து செய்யுங்கள். முடிந்ததும் வில்லையின்மேல் பனி படியும்; அது உருகிய ஈரம்தான் இந்தச் சேர்மத்துக்கு எதிரி. என் முதல் வில்லையை ஈரத்தோடு மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன், அடுத்த ஆண்டு எடுத்தபோது மேலே வெண்மை பூத்து, ஓரம் உதிர்ந்து, காந்தத்தைத் தாங்க மறுத்தது. இப்போது வெதுவெதுப்பான காற்றில் நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடிய டப்பாவில் வைக்கிறேன். இரண்டாம் வில்லை ஒன்பதாம் ஆண்டாக மிதக்கிறது.